மோட்டார் குடித்த பாட்டு

எங்கள் வீதியில் எதையாவது கடைக்குப் போய் விலைகொடுத்து வாங்கிக்கொண்டு வருகிறவரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். கோயமுத்தூரில் கணபதிக்கும் ஆவாரம்பாளையத்துக்கும் நடுவே, முன்னால் பட்டறையும் பின்னால் வீடுமாக நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிற வீதி எங்களுடையது; தொட்டில் கொக்கியிலிருந்து பிள்ளையார் கோயில் மணியின் நாக்கு வரைக்கும் இங்கே இருப்பதெல்லாம் யாரோ ஒருவருடைய லேத்தில் கடைந்தது, யாரோ ஒருவருடைய உலையில் வார்த்தது, யாரோ ஒருவர் தீப்பொறி பறக்கத் தேய்த்துக் கொடுத்தது, செய்துகொள்ளலாம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நல்லது கெட்டது எல்லாவற்றையும் தாண்டி வந்தவர்கள் நாங்கள். அதனால் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டுகிற நாகமணிக்கு எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று வேண்டுமென்று ஆசை வந்தபோது, அதை அவள் கடையில் வாங்குவாள் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

ஆசை வந்த இடம் ஓர் இன்ஜினியரிங் காலேஜ். தண்ணீர்த் தொட்டி மோட்டார் எரிந்துபோயிற்று என்று அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேடையில் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடந்தது, ஒல்லியாக ஒரு பெண் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு தந்தியைச் சுண்டினாள், அந்த ஒற்றைச் சுண்டலுக்கு மைதானத்தின் மறுகோடியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாகமணிக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வார்னிஷ் புகையைக் குடித்துக் குடித்து அவள் குரல் தகரத்தில் அரம் போட்ட மாதிரி ஆகிவிட்டிருந்தது, தன் பிள்ளைகளுக்குத் தாலாட்டுக்கூட அவள் பாடியதில்லை. ஆனால் காயில் சுற்றுகிறபோது, கை ஓடுகிற ஓட்டத்தில், அவளுக்குள்ளே ஒரு பாட்டு சேர்ந்துவிட்டது. ரேடியோவில் வந்ததில்லை, கோயிலில் கேட்டதில்லை, அவளுடையதே அது, வருஷக்கணக்காக அவள் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதை ஒரு தடவை வெளியே விட்டுத் தன் காதால் கேட்கவேண்டும், கூட நாலு பேரும் கேட்கவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. இதைப் பேராசை என்று என்னால் சொல்ல முடியாது.

அந்தப் பெண்ணிடம் கிட்டாரை இரவல் வாங்கி, டேப்பை வைத்து அளந்து, எந்தத் தந்தி எந்தச் சுருதி என்று கேட்டுக்கொண்டு வந்த நாகமணி, அன்றைக்கே வீட்டின் முன்னறையில் எரிந்த மோட்டார்களை ஓரம் தள்ளிவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள். அவள் புருஷன் ஆறுச்சாமி பவுண்டரியில் பேட்டர்ன் செய்கிறவர், அதாவது பம்பின் உருவத்தை முதலில் மரத்தில் செய்து கொடுப்பவர், அதை மணலில் பதித்துத்தான் இரும்பை வார்ப்பார்கள். அளவு தப்பிப்போன ஒரு பம்பு பேட்டர்னை அவர் பவுண்டரியில் சொல்லிவிட்டு எடுத்துவந்து கொடுத்தார், ஆகவே கிட்டாரின் உடம்பு பாதி கிட்டாராகவும் பாதி நத்தையாகவும் அமைந்தது. கழுத்துக்கு மூடிப்போன நூல் மில்லின் மரச்சட்டம். அந்தக் கழுத்து தந்தி இழுப்பில் வளைந்துவிடாதபடி உள்ளே ஓடுகிற இரும்புக் கம்பிக்கு, மூன்று லேத் வைத்திருக்கும் எங்கள் வீதிச் சங்கத் தலைவர் சென்னியப்பன் மரை போட்டுக் கொடுத்தார். முறுக்காணிகளை அவளே கடைந்துகொண்டாள். தந்தியை மட்டும் கடையில் வாங்கினாள், அதற்காக வீதி கொஞ்சம் வருத்தப்பட்டது.

கழுத்தில் குறுக்கே பதிக்கிற பித்தளைக் கம்பிகளைக் கண்டபடி பதிக்க முடியாது. தந்தி நீளத்தைப் பதினெட்டுப் பங்காக்கி ஒரு பங்கு தள்ளி முதல் கம்பி, மிச்ச நீளத்தை மறுபடியும் பதினெட்டாக்கி அதில் ஒரு பங்கு தள்ளி அடுத்தது, இப்படியே நெருங்கிக்கொண்டே போகவேண்டும். அவள் ஒவ்வொன்றாகப் பதித்துக் காதை வைத்துத் தட்டிப் பார்த்து, பிடிக்காததைப் பிடுங்கி மறுபடி பதித்தாள். சத்தத்தைப் பெருக்குகிற பெட்டியில் சொருகாமல் தட்டினால் கொசு முனகுவது போல் ஒரு சத்தம் வரும். அந்தக் கொசுச் சத்தத்தை வைத்துக்கொண்டே அவள் வாசிக்கவும் பழகிவிட்டாள். வாசிக்கத் தெரிந்த பிறகு செய்வது மற்றவர்கள் வழக்கம், செய்து முடிப்பதற்குள் தெரிந்துகொள்வது எங்கள் வழக்கம்.

கடைசியாக மிஞ்சியது தந்திக்குக் கீழே உட்கார்ந்து அதன் அதிர்வைப் பிடித்துப் பெட்டிக்கு அனுப்புகிற காந்தக் காயில். அதைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் கவலை இருக்கவில்லை, ஏனென்றால் கோயமுத்தூரில் நாகமணி கட்டிய காயில் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியை அவள் காந்தத்தைச் சுற்றிச் சுற்றிக்கொண்டே போனாள், பாட்டு தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கேதான் அது நடந்தது. பம்பு மோட்டாருக்கு இரண்டு கட்டு உண்டு, ஒன்று ஓடுவதற்கு, இன்னொன்று நின்றிருக்கும் மோட்டாரைக் கிளப்பி விடுவதற்கு. கிட்டாருக்கு வேண்டியது ஒரே கட்டு. பழகின கை அதைக் கேட்கவில்லை. ஒரு கட்டு முடிந்ததும் பழக்கதோஷத்தில் அதன்மேலேயே கிளப்பிவிடும் கட்டையும் சுற்றி, நூலால் இறுக்கி, வார்னிஷில் முக்கி, காயவைக்கிற அடுப்பு ரிப்பேர் என்று மூலைக் கடையான என் பேக்கரி அடுப்பில் ரொட்டி எடுத்த சூட்டோடு வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு என் பன்னில் வார்னிஷ் வாசம் அடித்ததை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய லாரி பேட்டரி ஒன்றில் ஓடுகிற மாதிரி சத்தப் பெட்டியையும் அவளே கட்டியிருந்தாள், கரண்ட்டை நம்பிக் காரியத்தில் இறங்குகிற காலமா அது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் பூட்டி, சுருதி சேர்த்து, ஆறுச்சாமியை எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, மனசுக்குள் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தன் பாட்டின் முதல் வரியை வாசித்தாள். பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. முன்பு இருந்த கொசுச் சத்தமும் போய்விட்டிருந்தது. தந்தி கண்ணுக்குத் தெரிந்து அதிர்ந்தது, விரலில் அதிர்வு தெரிந்தது, காதுக்கு மட்டும் ஒரு சொட்டும் வரவில்லை. எங்கோ ஒரு சாலிடர் ஒட்டு விட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தபோது, வழக்கப்படி கரண்ட் போனது.

வீதியில் டியூப் லைட்டெல்லாம் அணைந்தது. லேத் நிற்கவில்லை. மாவு மில் நிற்கவில்லை. என் கடையில் மாவு பிசைகிற மெஷின் நிற்கவில்லை. சுழலுகிற சாமான் ஒவ்வொன்றும், வீட்டு ஃபேனும் கிரைண்டரும் உட்பட, நிற்காமல் சுழன்றது. எரியவேண்டிய பல்பும் பேசவேண்டிய டிவியும் மட்டும் செத்துக் கிடந்தன. சென்னியப்பன் லேத்தைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், வெளியே வந்து கம்பத்தைப் பார்த்தார். அப்புறம் மோட்டார் சம்பந்தப்பட்ட எதற்கும் போகிற இடத்துக்கே போனார்.

"ஏம்மிணி, என்ன பண்ணிட்டிருக்கறே?"

"பாட்டு வாசிக்கறனுங்ண்ணா. சத்தந்தான் வரமாட்டீங்குது."

"கொஞ்சம் நிறுத்து."

அவள் கையை எடுத்தாள். வீதி முழுக்க ஒரு பெருமூச்சு மாதிரி எல்லாம் அடங்கியது. வாசிக்கச் சொன்னார். எல்லாம் கிளம்பியது. சென்னியப்பன் தலையாட்டிவிட்டு, பாதியில் நின்ற வேலை கெட்டுப்போகும் என்பதால் நிறுத்தாமல் வாசிக்கும்படி கேட்டுக்கொண்டு லேத்துக்குத் திரும்பிப் போனார்.

இப்படித்தான் அது எங்கள் வீதிக்கு வந்தது, வந்த பிறகு அதைப் பற்றி யாரும் அதிகம் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் வேலை கிடந்தது. மற்ற வீதிகள் கரண்ட் போனதும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வாசலில் குந்தின நேரத்தில் நாங்கள் இரும்பு கடைந்தோம், மாவு அரைத்தோம், பம்புக்கு ஷாஃப்ட் போட்டோம், ரம்பம் இழுத்தோம், துணி தைத்தோம். கரண்ட் போவது எங்களுக்கு ஒரு சீர் மாதிரி ஆயிற்று, போகிற நேரம் தள்ளிப்போனால் என்ன இன்னும் காணோம் என்று கேட்கிறவர்கள்கூட இருந்தார்கள். எந்தத் தந்திக்கு எது நன்றாக ஓடுகிறது என்பதும் சீக்கிரத்தில் தெரிந்துபோனது: தடித்த தந்திக்கு கம்ப்ரஸர், நடுத்தந்திகளுக்கு லேத்தும் டிரில்லும், மெல்லிய தந்திக்குத் தையல் மெஷினும் ஃபேனும். மாவு மில் ராமாத்தாள், வீதியில் எல்லோரைவிடவும் பெரிய குரல்காரி, மில்லிலிருந்தபடியே சத்தம் போட்டுச் சொல்லுவாள், ராகிக்கு மெதுவாக இழுத்துப் போடு, மிளகாய்க்குக் கொஞ்சம் முடுக்கிப் போடு என்று. நாகமணியும் போட்டாள். அவள் பாட்டின் ஆரம்பம் லேத்துக்குப் பிடித்திருந்தது, நடுவில் ஏறுகிற இடம் ராமாத்தாளுக்குப் பிடித்திருந்தது, முடிவில் அவள் மிகவும் நேசித்த, தாழ்ந்து இறங்குகிற இடத்தில் எல்லா மோட்டாரும் முக்கித் திணறியது, அதனால் அந்த இடம் வேண்டாமென்று சங்கத்தில் பேசி முடிவெடுத்தார்கள்.

லைன்மேன் பால்ராஜ் ஒரு நாள் டெஸ்டரோடு வந்தார். கம்பியில் வைத்துப் பார்த்தால் கரண்ட் இல்லை, எதிரே லேத் ஓடுகிறது. டெஸ்டரை உதறிப் பார்த்தார், வேறு டெஸ்டர் கொண்டுவந்தார், கடைசியில் என் கடையில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டு, இதற்கு எந்த ரூலிலும் இடமில்லை, அதனால் இதைத் தடுக்கவும் ரூல் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கரண்ட்டை நிறுத்துவதற்கு முன்னால் நாகமணியக்கா தயாரா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்துவார். தெற்கு வீதிக்காரர்கள் பொறாமையில் ஆள் வைத்து, எங்கள் கிட்டாரை அளந்துபோய் அதே மாதிரி ஒன்று செய்தார்கள். அதிலிருந்து வெறும் பாட்டுத்தான் வந்தது. பாவம், அவர்களைப் பார்த்தால் எங்களுக்கு இரக்கமாக இருந்தது.

நாகமணியை நாங்கள் தாங்கு தாங்கென்று தாங்கினோம். அவள் வீட்டில் அடுப்பு எரியவேண்டிய அவசியமே இருக்கவில்லை, காலையில் ஒரு வீட்டு இட்லி, மத்தியானம் ஒரு வீட்டுச் சோறு, சாயங்காலம் என் கடை வெஜிடபிள் பப்ஸ். விரல் நுனி வெடித்தபோது பெண்கள் மஞ்சளும் வெண்ணெயும் குழைத்துக்கொண்டு ஓடினார்கள். கோயில் கும்பாபிஷேகத்தில் முதல் மரியாதை அவளுக்கு. எங்கள் வீதிப் பையன்களுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, நாகமணி இருக்கிற வீதிதானே என்று. இவ்வளவு இருந்தும் அவள் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது, அது ஏன் என்று ஆறுச்சாமியைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. வீதி முழுக்க அவள் பாட்டில் ஓடியது, வீதியில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அவளும்தான்.

அவள் காயில் கட்டுகிறவள், ஆகவே விஷயம் அவளுக்கு விளங்கத்தான் செய்தது: சுழலுகிற சாமான் பக்கத்தில் எது இருந்தாலும் அது பாட்டைக் குடித்துவிடுகிறது, குடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் பாட்டு பெட்டிக்குத்தான் வந்தாக வேண்டும். சென்னியப்பனிடம் போய்க் கேட்டாள். ஒரு பாட்டு நேரத்துக்கு எல்லோரும் மெயின் சுவிட்சை இறக்கினால் போதும், நாலு நிமிஷம்கூட ஆகாது. அவர் முகம் சுளிக்கவில்லை, தாராளமாகச் செய்துவிடலாம் என்றார், இந்த ஆர்டர் போய்விடட்டும் என்று மட்டும் சொன்னார். ராமாத்தாளுக்குக் கோயில் நோம்பி நெருங்கியிருந்தது, மில்லில் மூட்டை வரிசையில் நின்றது. தையல்காரருக்கு ஸ்கூல் யூனிஃபார்ம். எனக்குக் கேக் சீசன். ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை, அதுதான் அதில் கொடுமை. எல்லோரும் சரி என்றோம், எல்லோருக்கும் அந்த வாரம் மட்டும் தோதுப்படவில்லை. இப்படியே மாசங்கள் போயின.

ஒரு நாள் அவள் காயிலைப் பிரித்து ஒற்றைக் கட்டாகக் கட்டப்போகிறாள் என்று பேச்சு கிளம்பியது. தட்டில் பழம் வெற்றிலையோடு சங்கமே திரண்டு அவள் வீட்டுக்குப் போனோம், பொண்ணு கேட்டுப் போனதுபோல் வரிசையாக உட்கார்ந்தோம். சென்னியப்பன் நல்லவர், கூலி பாக்கி வைக்காதவர், யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் முதலில் வண்டி எடுப்பவர், அவர் மனசார நம்பியதைத்தான் சொன்னார்.

"பாட்டு எங்கியும் போயிராது அம்மிணி, எப்ப வேணா கேட்டுக்கலாம். ஆர்டரு போனா வருமா?"

"எம்பட பாட்டு தெனமும் உங்க பட்டறைக்குத்தானுங்ண்ணா போயிட்டிருக்குது," என்றாள் நாகமணி. "எனக்கு ஒரு சொட்டு மிச்சம் வெக்காம குடிச்சுப்போடறீங்க."

தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்தோம். அவள் காயிலைப் பிரிக்கவில்லை. லேத் நின்றால் எத்தனை வீட்டில் உலை கொதிக்காது என்பது அவளுக்கும் தெரியும், எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் பதறி ஓடிவருவதைப் பார்த்தே வளர்ந்தவள். ஆனால் நாங்கள் போன பிறகு ஆறுச்சாமியிடம், இருக்கட்டும், ஆயுதபூசை வரத்தானே போகிறது என்று சொன்னாளாம். எங்களுக்கு அது அப்போது தெரியாது.

ஆயுதபூசைக்கு எல்லா ஊரிலும் மெஷினை நிறுத்துவார்கள், எங்கள் வீதி அதோடு விடாது. பூசை நேரத்தில் வீட்டுக்கு வீடு மெயினையே இறக்கிவிடுவோம், ஃபேன்கூட ஓடக்கூடாது, சட்னிக்குத் தேங்காய் முதல் நாளே அரைத்தாக வேண்டும். எந்தக் காலத்திலோ ஒருவன் பூசையன்று டிரில்லைப் போட்டுப் பார்த்து விரலைக் கொடுத்தான் என்பது காரணம். வருஷத்தில் அந்த ஒரு பொழுது எங்கள் வீதியில் எதுவுமே சுழலாது. முதல் நாள் சாயங்காலம், எப்போதும்போல ஸ்பேனர், சுத்தியல், மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும் பொதுப் பூசைக்குச் சென்னியப்பன் பட்டறையில் சேர்த்தபோது, சங்கத்து ஆட்கள் போய் நாகமணியின் கிட்டாரையும் பக்தியோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கள் வீதியின் தலையாய மெஷின் அதுதானே. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார்கள், முறுக்காணிக்கு ஆயில் போட்டார்கள், நத்தை வயிற்றில் பட்டை அடித்துச் சந்தனம் வைத்தார்கள், காயில்மேல் பெரிதாகக் குங்குமம் வைத்தார்கள், சாமந்தி மாலை போட்டு, பெரிய லேத்தின் சக்கில், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அந்த வாயில், நிறுத்திவைத்தார்கள். வேறு எந்த ஊர்க்காரனும் கிட்டாருக்கு ஆயில் போட்டிருக்க மாட்டான். எங்களுக்கு அது ரொம்பப் பொருத்தமாகத் தெரிந்தது, பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

மறுநாள் பொரியும் கடலையும் குவித்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, வீதியே வேர்க்க விறுவிறுக்க அந்தப் பட்டறையில் நின்றது. மெயின்கள் இறங்கியிருந்தன. சூடம் காட்டி முடித்த நேரத்தில் நாகமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், பின்னாலேயே ஆறுச்சாமி சத்தப் பெட்டியை ஒரு தோளிலும் பேட்டரியை இன்னொரு கையிலும் சுமந்துகொண்டு வந்தார். அவள் கொஞ்ச நேரம் தன் கிட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாலையைக் கழற்றி லேத்துக்குப் போட்டாள். புடவைத் தலைப்பால் காயில்மேலிருந்த குங்குமத்தைத் துடைத்தாள். பூசையில் வைத்ததை மறுபூசைக்கு முன்னால் எடுத்தவர் எங்கள் வீதியில் இல்லை.

"அம்மிணி, எடுக்காதே," என்றார் சென்னியப்பன். "இன்னிக்கு ஆயுதத்தத் தொடப்படாது."

"ஆயுதம் உங்களுதுங்ண்ணா. சுத்தறதுக்குன்னு செஞ்சதெல்லாம் அங்கயே இருக்கட்டும்," என்றாள் நாகமணி. "இது நான் பாடறதுக்குச் செஞ்சது."

பெட்டியைச் சொருகினாள். கிட்டாரை மாட்டிக்கொண்டாள். முதல் தந்தியைச் சுண்டினாள்.

அந்தப் பாட்டை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நான் பன் போடுகிறவன். மெதுவாகத்தான் ஆரம்பித்தது, கை கம்பியைச் சுற்றுகிற வேகத்தில், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மயிரிழை மேலே ஏறி, ஏறினது தெரியாமலே உச்சிக்குப் போய், அங்கே நின்று, அப்புறம் நாங்கள் வேண்டாமென்று சங்கத்தில் முடிவெடுத்த அந்த இடத்தில் இறங்கியது. பட்டறைத் தகரக் கூரை கிணுகிணுத்தது. லேத்தின் சக்கு அசையவில்லை. ஆறுச்சாமி பேட்டரி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எங்களையெல்லாம் மறந்து அழுதுகொண்டிருந்தார். நாகமணி அழவில்லை, கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, தன் கையிலிருந்து வந்துகொண்டிருந்ததைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள், தகரத்தில் அரம் போட்ட குரல்காரியின் முகத்தில் அப்படியொரு நிமிர்வை நாங்கள் கண்டதில்லை.

பாட்டு நின்றது. ராமாத்தாள், அந்தப் பெரிய குரலை எங்கே தொலைத்தாளோ, காதோடு சொல்லுவது மாதிரி சொன்னாள்.

"இதுலயா சாமி நான் மொளகா அரைச்சுட்டிருந்தேன்?"

நாகமணி கிட்டாரைக் கழற்றிச் சாமந்தி மாலைக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு, எல்லோருக்கும் போலத் தானும் ஒரு கை பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மறுபூசை போட்டு மெஷின்களைக் கிளப்பினோம். பால்ராஜின் போன் வந்தது, கரண்ட் போனது, நாகமணி வாசித்தாள், எல்லாம் பழையபடி ஓடின. அவள் பாட்டுக்கு ஒரு தடவை காது கிடைத்துவிட்டது, அது போதுமென்று நினைத்திருப்பாள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டோமே தவிர, எங்களுக்குப் போதவில்லை. மெஷினில் மாவு சுற்றுவதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அதற்குள்ளே என்னவோ மூழ்கிப் போவது மாதிரி இருந்தது. தையல்காரர் ஊசி ஓடுகிற ஓட்டத்தை வைத்து இது எந்த இடம் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பாராம். ராமாத்தாள் மில்லில் கூப்பாடு நின்றுபோனது.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம். சென்னியப்பன் பட்டறை வாசலில் லாரி வந்து நின்றிருந்தது, பம்பு ஷாஃப்ட் முழு லோடும் ஏறியாகிவிட்டது, ஒன்றே ஒன்று மட்டும் லேத்தில் பாதி கடைந்த நிலையில் இருந்தது. டிரைவர் வெளியூர்க்காரர், செக்போஸ்ட்டுக்கு நேரமாகிறது என்று இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கரண்ட் போய் நாகமணி வாசித்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினால் கடைசல் கோடு விழுந்து அந்த ஷாஃப்ட் பழைய இரும்பாகிவிடும், லேத்துக்காரர் வீடு பற்றி எரிந்தாலும் அந்த இடத்தில் நிறுத்த மாட்டார். சென்னியப்பன் கடைசலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய் மெயினை இறக்கினார்.

லேத் நின்றது. நாகமணி வீட்டுப் பக்கமிருந்து, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி, மெல்லிசாக ஏதோ ஒன்று கேட்டது. அடுத்து மாவு மில் நின்றது, அந்த மெல்லிசு கொஞ்சம் தடித்தது. ரம்பம் நின்றது. தையல் மெஷின் நின்றது. நான் உள்ளே ஓடிப் போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்தேன், மாவு பாத்திரத்தில் அப்படியே கிடந்தது. வீட்டுக்கு வீடு ஃபேன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, ஒவ்வொன்று ஓய்வதற்கும் பாட்டு ஒரு படி ஏறியது, யாரும் யாரையும் கூப்பிடவில்லை, யாரும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை, வேர்வையோடும் கிரீஸ் கையோடும் வாசலுக்கு வந்து நின்றுகொண்டோம். ஜன்னலுக்குள்ளே நாகமணி தலையை நிமிர்த்தி வீதியைப் பார்த்தாள், கை மட்டும் நிற்கவில்லை.

லாரி இன்ஜின் ஒன்றுதான் மிச்சம். டிரைவர் ஜன்னல் வழியாக எங்கள் எல்லோரையும் பார்த்தார், என்ன நடக்கிறதென்று அவருக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டார். பிறகு சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்திவிட்டு, கீழே இறங்கி, கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.